ட்ரெயில் என்றால் தடம் அல்ல, பிந்தல்

"தடம் குறைந்தால் வண்டி ஆடும், தடத்தைக் கூட்டுங்கள்." சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளை வீட்டிலேயே வெல்டு செய்கிறவர்களுக்கு இப்படித்தான் சொல்கிறார்கள், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எந்தத் தடம்? ஆங்கிலத்தில் ட்ரெயில் என்கிற அளவைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள்.

ஹேண்டில்பார் திரும்பும் அச்சை அதே சாய்வில் கீழே நீட்டினால் தரையில் ஒரு புள்ளியில் வந்து முட்டும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் ட்ரெயில். அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் இழுத்தலைக் குறிக்கும் லத்தீன் வினை. காட்டுப் பாதை என்ற பொருள் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. ஜெர்மன்காரர்கள் இதையே 'நாக்லாஃப்' என்கிறார்கள், பின்னால் ஓடுவது என்று பொருள். சரியான பெயர்.

தடம் என்பது சக்கரம் விட்டுப்போன சுவடு, அளவே அல்ல. அதைவிட மோசம், முன்னால் இரண்டு சக்கரம் உள்ள சாய்வு வண்டியில் அவற்றுக்கு இடையிலான அகலத்தையும் தடம் என்றே எழுதுகிறார்கள். ஒரே வரைபடத்தில் இரண்டு தடம் இருந்தால் வெட்டுகிறவர் எதை அளப்பார்? 'நிலைப்பு நீளம்' என்று இன்னொன்றும் உலவுகிறது, கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது அளவைச் சொல்லாமல் பலனைச் சொல்கிறது, அந்தப் பலனும் உறுதியில்லை. பிரிட்டிஷ் வேதியியலாளர் டேவிட் ஜோன்ஸ் 1970-இல் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையை, அதாவது ஃபோர்க்கைத் திருப்பிப் போட்டு இந்த அளவைக் கூட்டியபோது வண்டி ஆளில்லாமலே நன்றாக நிமிர்ந்து ஓடியது உண்மை. ஆனால் டயர் அச்சுப் புள்ளிக்குச் சற்று முன்னால் இருந்தும் தானே விழாமல் ஓடிய வண்டியை 2011-இல் ஓர் ஆய்வுக்குழு செய்து காட்டிவிட்டது. அதில் 'நிலைப்பு' எங்கே?

பிந்தல் என்றே சொல்லலாம். டயர் முன்னால் போனால் முந்தல். கழித்தல் குறி போட்டு விளக்க வேண்டாம்.

சொல் தெளிவாக இருந்தால்தான் பட்டறையில் தப்பு குறையும். 340 மி.மீ. ஆரமுள்ள பெரிய சக்கரம், தரையோடு 73 டிகிரியில் நிற்கும் அச்சு, 45 மி.மீ. ஃபோர்க் வளைவு (அச்சுக் கோட்டிலிருந்து சக்கர மையம் முன்தள்ளியிருக்கும் தூரம்) என்றால் பிந்தல் சுமார் 57 மி.மீ. அதே கோணத்திலும் வளைவிலும் 243 மி.மீ. ஆரமுள்ள 20 அங்குலச் சக்கரத்தைப் போட்டால் 27 ஆகிவிடும். சாய்வு வண்டி செய்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டுவது இந்தச் சின்னச் சக்கரத்தைத்தான். அச்சை 68 டிகிரிக்குச் சாய்த்தால் மறுபடி 50 மி.மீ. அளவுக்கு ஏறும், ஆனால் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் ஒரு பக்கமாக விழப் பார்க்கும். ஃபோர்க் நுனியில் பல துளையிட்ட தகடு வைத்துச் சக்கரத்தை ஒரு செ.மீ. பின்னால் தள்ளிப் பாருங்கள், பிந்தலும் ஏறக்குறைய அவ்வளவே கூடும், ஃபிரேமை அறுக்க வேண்டாம்.

மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு தடவை வரைபடத்தைப் பார்த்திருந்தால் தடம் என்று எழுதவே கை வந்திருக்காது.