ஆர்மிஸ்டிஸ்: போர் முடிவா, போர்நிறுத்தமா?

நவம்பர் 11 வந்தால் நம் பத்திரிகைகளின் 'வரலாற்றில் இன்று' பகுதியில் முதல் உலகப்போர் தவறாமல் இடம்பிடிக்கும். ஒரு பத்திரிகை 'சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான நாள்' என்று போடும். இன்னொன்று 'ஜெர்மனி சரணடைந்த நாள்' என்று போடும். இரண்டும் பிசகு. 1918 நவம்பர் 11 அன்று கையெழுத்தானது ஓர் ஆர்மிஸ்டிஸ். தமிழில் போர்நிறுத்த உடன்படிக்கை. அதற்கும் சமாதானத்துக்கும் நடுவே ஏழு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தது. சரணாகதி என்பதோ வேறு சங்கதி.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் 'ஆர்மா' என்றால் ஆயுதங்கள். 'ஸ்டிட்டியம்' என்பது நிற்றலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த பின்னொட்டு. இரண்டையும் சேர்த்து 'ஆர்மிஸ்டிட்டியம்' என்று பிற்காலத்தில் ஆக்கினார்கள். பழைய ரோமானியர் வாயில் புழங்கிய சொல் அல்ல. அச்சாக வைத்துக்கொண்டது 'சோல்ஸ்டிஸ்' என்ற வானியல் சொல்லை. வடக்கே போன சூரியன் தெற்கே திரும்பும் முன் சற்று நிற்பதுபோலத் தோன்றும் பொழுதுக்கு அந்தப் பெயர். சூரியன் நிற்பது தோற்றம்தான், பயணம் முடிவதில்லை. பிரெஞ்சு வழியாக இச்சொல் ஆங்கிலத்துக்குப் போனது. ஜெர்மன்காரர்கள் 'வாஃபன்ஸ்டில்ஷ்டாண்ட்' என்பார்கள்: ஆயுதங்கள் அசையாமல் நிற்பது. ஆக, எந்த மொழியிலும் இதில் 'முடிவு' என்ற பொருளே கிடையாது.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. போரில் நாடுகள் கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சொல்லும் 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளில் 36ஆவது விதி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு போர் நடவடிக்கைகளை நிறுத்திவைப்பதே ஆர்மிஸ்டிஸ் என்கிறது. காலவரையறை இல்லாவிட்டால், எதிரிக்கு முறைப்படி அறிவித்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் மறுபடி போரைத் தொடங்கலாம்.

1918இல் காலவரையறை இருந்தது. வெறும் 36 நாள்! பாரிஸுக்கு வடக்கே கோம்பியேன் காட்டில், ஜெர்மனியை எதிர்த்த நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி மார்ஷல் ஃபோஷின் ரயில் பெட்டிக்குள் நவம்பர் 11 விடிகாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின் கையெழுத்துப் போட்டார்கள். ஆறு மணி நேரம் கழித்து, காலை 11 மணிக்கு அமல். ஜெர்மன் தரப்பில் குழுத் தலைவராக வந்தவர் படைத்தளபதி அல்ல, மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. 15 நாளுக்குள் பிரான்ஸையும் பெல்ஜியத்தையும் காலி செய்ய வேண்டும். 5,000 பீரங்கி, 25,000 இயந்திரத் துப்பாக்கி, 5,000 ரயில் எஞ்சின், 1,50,000 ரயில் பெட்டிகளை ஒப்படைக்க வேண்டும். நீர்மூழ்கிக் கப்பல்களையும் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவு வாங்கிக்கொண்ட பிறகும் ஜெர்மனி மீதான கடல் முற்றுகை மட்டும் தொடரும் என்று 26ஆவது பிரிவில் எழுதினார்கள். 'சமாதானம்' என்று இதைச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

விடிகாலை கையெழுத்துக்கும் 11 மணிக்கும் நடுவே சண்டை ஓயவில்லை. அந்த ஒரு நாளில் இரு தரப்பிலும் சுமார் 2,700 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். ஒகுஸ்தேன் த்ரெபுஷோன் என்ற பிரெஞ்சுச் சிப்பாய் ஆடு மேய்த்துப் பிழைத்தவர். படையில் செய்தி கொண்டு ஓடுபவர். மியூஸ் ஆற்றங்கரையில் 11 மணி ஆகச் சில நிமிடங்களே இருந்தபோது சுடப்பட்டு விழுந்தார். கையில் இருந்த தகவல், பதினொன்றரை மணிக்குச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூட வேண்டும் என்பது. அவர் கல்லறையில் நவம்பர் 10 என்று பொறித்திருக்கிறார்கள். போர் ஓய்ந்த நாளில் ஆள் செத்தான் என்று எழுத ராணுவத்துக்குக் கூச்சமாக இருந்திருக்கும் போல. 10:59க்கு ஹென்றி கன்தர் என்ற அமெரிக்கர் எதிரியின் இயந்திரத் துப்பாக்கியை நோக்கி ஓடினார். 'வராதே, திரும்பிப் போ' என்று ஜெர்மன் வீரர்களே கையசைத்துப் பார்த்தார்கள். அவர் நிற்கவில்லை.

அதே நாளில் வியன்னாவில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசர் கார்ல் ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். மறுநாள் ஆஸ்திரியா குடியரசானது. வார்சாவில் படைப் பொறுப்பு போலந்துத் தலைவர் பில்சுட்ஸ்கியின் கைக்கு வந்தது; போலந்துக்காரர்கள் அதையே விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஜெர்மானியப் பேரரசர் கைசர் முந்தின நாளே நெதர்லாந்துக்குள் போய்விட்டார். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி லெட்டோவ்-ஃபோர்பெக்கின் படைக்கு மட்டும் சேதி போய்ச்சேர இரண்டு மூன்று நாள் ஆனது. அவர் ஆயுதத்தை ஒப்படைத்தது நவம்பர் 25 அன்று.

36 நாள் கெடுவை அப்புறம் மூன்று முறை நீட்டித்தார்கள். சமாதான உடன்படிக்கை வெர்சாயில் 1919 ஜூன் 28 அன்றுதான் கையெழுத்தானது. சட்டப்படி போர் முடிந்தது அது நடைமுறைக்கு வந்த 1920 ஜனவரி 10 அன்று.

சரணாகதி என்று எழுதுவது ஏன் தவறு? ஜெர்மன் படைகள் அணிவகுத்து, கொடியோடு ஊர் திரும்பின. 1918 டிசம்பரில் பெர்லினில் அவற்றை வரவேற்ற புதிய அரசின் தலைவர் எபெர்ட், எந்த எதிரியும் உங்களை வெல்லவில்லை என்று பேசினார். களத்தில் தோற்கவே இல்லை, உள்நாட்டு அரசியல்வாதிகளால் முதுகில் குத்தப்பட்டோம் என்ற கதை வளர அது வசதியாகப் போயிற்று. கையெழுத்துப் போட்ட எர்ஸ்பெர்கரை 1921இல் சுட்டுக் கொன்றார்கள். 1940 ஜூனில் ஹிட்லர் அதே ரயில் பெட்டியை அதே இடத்துக்குக் கொண்டுவந்து பிரான்ஸைக் கையெழுத்துப் போட வைத்தார். அதுவும் ஆர்மிஸ்டிஸ்தான். நிபந்தனையற்ற சரணாகதி வேண்டுமென்றால் 1945 மே மாதத்துக்குத்தான் போக வேண்டும்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? 'போர்நிறுத்தம்' என்ற சொல் நன்றாகவே பொருந்துகிறது. வேலைநிறுத்தம் என்றால் வேலையே முடிந்துபோச்சு என்று யாரும் நினைப்பதில்லை அல்லவா? 'நிறுத்தம்' என்ற சொல்லுக்குள்ளேயே தற்காலிகம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஓர் ஊரில் ஒருநாள் துப்பாக்கி ஓய்ந்தாலும் அதையும் போர்நிறுத்தம் என்றே எழுதுகிறோம். களத்தில் சுடுவதை மட்டும் நிறுத்துவதற்குச் 'சண்டைநிறுத்தம்' போதும். காயம்பட்டவர்களைத் தூக்கவும் பிணங்களைப் புதைக்கவும் விடும் சிறு இடைவெளியைப் 'போர் ஓய்வு' எனலாம். நிபந்தனைகளோடு அரசுகள் கையெழுத்திடும் ஆர்மிஸ்டிஸுக்குப் 'போர்நிறுத்த உடன்படிக்கை' என்று முழுசாக எழுதுவதே நல்லது. 'சமாதான உடன்படிக்கை' என்பதை வெர்சாய் மாதிரியானவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். பழந்தமிழில் இதற்குச் 'சந்து செய்தல்' என்றொரு வழக்கு உண்டு; இன்று சந்து என்றால் தெருச் சந்துதான் நினைவுக்கு வரும் என்பதால் அதை மீட்டெடுப்பது கடினம்.

இந்த வேறுபாட்டை ஈழத்தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2002 பிப்ரவரியில் கையெழுத்தானதைப் போர்நிறுத்த உடன்படிக்கை என்றே சொன்னார்கள், எழுதினார்கள். 2006இலேயே சண்டை மூண்டுவிட்டது. 2008 ஜனவரியில் இலங்கை அரசு முறைப்படி விலகியது. கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையோ இன்னும் சமாதான உடன்படிக்கை ஆகவில்லை.

நவம்பர் 11இன் பெயரும் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸில் இன்றும் அது போர்நிறுத்த நாள். அமெரிக்கர்கள் 1954இல் அதை முன்னாள் படைவீரர் நாளாக மாற்றிவிட்டார்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் நினைவு நாள் என்பார்கள். எந்த நாட்டுச் செய்தி என்று பார்த்து அதற்கேற்ற பெயரைப் போட வேண்டும்.