கடன் போட்டு ஜூம் லென்ஸ் வாங்கும் முன்

தர்மபுரியில் கல்யாணப் படம் எடுப்பதுதான் என் தொழில். புதிதாக இதில் இறங்கும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, 70-200 வாங்கிடட்டுமா?" 70 முதல் 200 மி.மீ. வரை மாற்றி, நின்ற இடத்திலிருந்தே தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் ஜூம் லென்ஸ் அது. தவணையில் வாங்கி, சீசன் முடிந்ததும் கட்ட முடியாமல் வந்த விலைக்கு விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். படம் எடுக்கும் இடத்தில் உன்னால் முன்னே பின்னே நடக்க முடியுமா?

கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவில் தடுப்புக்கு வெளியேதான் நிற்க வேண்டும். தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த மாடு சில நொடியில் முன்னால் வந்துவிடும். அங்கே ஜூம் இல்லாமல் வேலை ஆகாது. ஒகேனக்கல்லும் அப்படித்தான். சாரலில் லென்ஸைக் கழற்றினால் ஈரம் கேமராவுக்குள் போகும். ஒரே ஜூமை மாட்டிக்கொண்டு பரிசலில் ஏறுங்கள்.

வீட்டுக்குள் நடக்கும் நலங்குக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பாலக்கோடு பக்கம் ஒரு வீடு, ஒரே ஒரு டியூப் லைட். பாட்டி மஞ்சளைக் குழைத்துப் பேத்தியின் கன்னத்தில் பூசுகிறார். அன்று என்னிடம் இருந்தது கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ். 55-க்கு இழுத்தால் அது எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் என்பது லென்ஸின் வாய் திறக்கும் அளவு, எண் குறையக் குறைய வாய் பெரிதாகும்). கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 வைத்தும் ஷட்டர் 1/25 நொடிதான் வந்தது, அசையும் கைக்கு அந்த வேகம் போதாது. பேத்தி முகம் தெளிவாக இருந்தது. பாட்டியின் விரல்கள் மஞ்சளாகக் கலங்கிப் போயிருந்தன. படம் பிடித்ததே அந்தக் கைக்காகத்தான்.

அப்புறம்தான் 50 மி.மீ. எஃப் 1.8 பிரைம் வாங்கினேன். பிரைம் என்றால் ஜூம் இல்லாத, ஒரே மி.மீ. கொண்ட லென்ஸ், நெருங்க வேண்டுமானால் நாம்தான் நடக்க வேண்டும். 5.6-இல் வருவதைப்போல 1.8-இல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வரும். அதே அறையில் 1/250 கிடைத்திருக்கும். விரல் ரேகைகூடத் தெரிந்திருக்கும். எடையும் 200 கிராமுக்குள்தான், எஃப் 2.8 ரக 70-200 பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும். ரிசப்ஷனில் தொடங்கி விடியற்கால முகூர்த்தம் வரை அதைச் சுமந்த தோளுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

பிரைமிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவில் 50 என்பது 75, 80 போல நெருக்கிக் காட்டும். பத்தடி அறையில் முதுகு சுவரில் முட்டிவிடும். அங்கே 35தான் சரி. அதே 50-ஐ ஒன்றரை மீட்டர் தூரத்தில் 1.8-க்குத் திறந்து வைத்தால் ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். மேடையில் இரண்டு வரிசையாக நிற்கும் சொந்தங்களை அப்படி எடுத்துவிடாதீர்கள், 5.6-க்காவது மூடுங்கள்.

எது வாங்குவது என்று குழப்பமா? கடைசியாக எடுத்த ஐந்தாறு நிகழ்ச்சிகளின் படங்களைத் திறந்து, எந்த மி.மீ.யில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்த விவரம் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிவாகி இருக்கும். பிறகு கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை பிரைம் போல நகராதபடி அந்த எண்ணில் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க எடுத்துப் பாருங்கள். இதைச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் செய்யுங்கள். அட்வான்ஸ் வாங்கிய கல்யாணத்தில் வேண்டாம்.