முகத்துல அளவெடுத்துப் போடுற காயம்

சின்ன வயசுல விழுந்து முட்டி பேந்தது ஞாபகம் இருக்கா? பொருக்கு உதிர்ந்ததும் அடியில இளஞ்சிவப்பா வழவழன்னு ஒரு புதுத்தோல் எட்டிப்பார்க்கும். முகத்தை வழவழப்பாக்க கிளினிக்ல பண்ற லேசர், கெமிக்கல் பீல், மைக்ரோநீடிலிங் எல்லாமே அந்தப் புதுத்தோலை வரவழைக்கிற வேலைதான். டாக்டர் அளவா ஒரு காயம் போடுறார், ஆத்துறது முழுக்க உங்க உடம்போட பொறுப்பு. இதை யாரும் தெளிவா எடுத்துச் சொல்றதில்லைங்கிறது எனக்கு ரொம்ப நாளா இருக்கற ஆதங்கம்.

முதல்ல கண்ணாடி முன்னாடி நின்னு புருவத்தைத் தூக்கிப் பாருங்க. நெத்தியில கோடு விழும். புருவத்தை இறக்கினதும் கோடு மறைஞ்சா அது தசை இழுக்கறதால வர்றது, அதுக்கு போடாக்ஸ் ஊசி, நரம்புல இருந்து தசைக்குப் போற சிக்னலை 3, 4 மாசத்துக்கு நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். இறக்கின பிறகும் கோடு அப்படியே நின்னா அது தோல்லயே பதிஞ்சுபோச்சு, நாம பேசப்போறது இதைப்பத்தி.

மேல்தோல் ரொம்ப மெல்லிசு, தன்னைத்தானே சுமார் 4 வாரத்துக்கு ஒருதடவை புதுப்பிச்சுக்கும். சுருக்கம் உண்டாகறது அதுக்குக் கீழ இருக்கற உள்தோல்ல. அங்கதான் கொலாஜன்ங்கிற புரத இழைகள் பின்னிப் பிணைஞ்சு தோலைத் தாங்கிப் பிடிக்குது. வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் பட்டா, அந்தக் கொலாஜனை வெட்டுற என்சைம்களை தோலே அதிகமா சுரக்க ஆரம்பிச்சிடும், வயசும் ஏற ஏற புதுசா நெய்யற வேகமும் குறையும், ரெண்டும் சேர்ந்து தோல் தளர்ந்துடுது. கொலாஜன் கிரீம் தடவினா சரியாகுமான்னு கேட்பாங்க. அந்த மூலக்கூறு ரொம்பப் பெருசு, மேல்தோலைத் தாண்டி உள்ளயே போகாது. அதனால உள்ள இருக்கற, கொலாஜனை நெய்யற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை எழுப்பி அதுங்களையே நெய்ய வைக்கணும், அதுங்களை எழுப்பற வலுவான வழி காயம்.

சரி, முகம் புண்ணாகாம காயம் போடுறது எப்படி? 1983ல ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், சரியான அலைநீளமும் சரியான நேர அளவும் அமைஞ்சா ஒளியால நாம நினைக்கிற பொருளை மட்டும் சூடாக்கலாம்னு காட்டினாங்க. கார்பன் டை ஆக்ஸைடு லேசரோட அலைநீளம் 10,600 நானோமீட்டர், அதை தண்ணி அப்படியே உறிஞ்சிக்கும், செல்லுக்குள்ள இருக்கறதே பெரும்பாலும் தண்ணிதானே, அதனால படுற இடம் ஆவியாப் போயிடும், சுத்தி இருக்கற கொலாஜனும் சூட்டுல சுருங்கி இறுகும். ஆனா பழைய முறையில மேல்தோலை மொத்தமா எடுத்துடுவாங்க, முகம் வாரக்கணக்குல பச்சைப்புண்ணா கசியும்.

2004ல இதே ஆண்டர்சன் இருந்த குழு வேற மாதிரி யோசிச்சாங்க. மொத்தமா எடுக்காம, தலைமுடி பருமன்ல நூத்துக்கணக்கான சின்னச்சின்ன தூண் மாதிரி சூடு வைப்போம், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நல்ல தோலைத் தொடாம விட்டுடுவோம்னு. இதுதான் ஃப்ராக்ஷனல் லேசர். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே அந்த விட்டுவைக்கற தோல்தான். அக்கம்பக்கத்து நல்ல செல்கள் ரொம்பக் கொஞ்ச தூரம் நகர்ந்தா போதும், மேற்பரப்பு சீக்கிரமா மூடிக்கும். செத்த செல்கள் பழுப்புப் புள்ளியா மேல வந்து, முகம் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருந்துட்டு ஒரு வாரம் போல உதிரும். அதை நகத்தால சுரண்டக்கூடாது, தயவுசெஞ்சு.

முதல் வாரத்துல முகம் உப்பி சுருக்கமே இல்லாத மாதிரி தெரியும், அதுல பாதி வெறும் வீக்கம். ஃபைப்ரோபிளாஸ்ட் முதல்ல அவசரத்துக்கு மூணாம் வகை கொலாஜனைப் போடும், அப்புறம் மெல்ல மெல்ல உறுதியான முதல் வகையா மாத்தும், இதுக்கு 3 மாசம், 6 மாசம்னு ஆகும். ரெண்டே வாரத்துல ஒண்ணும் தெரியலன்னு அடுத்த சிட்டிங்குக்கு அவசரப்படறவங்க, பாதி ஆறின புண்ணு மேல திரும்பப் புண்ணு போடச் சொல்றாங்க.

பீல்லயும் இதே கதைதான், சூட்டுக்குப் பதிலா அமிலம். கிளைகாலிக் அமிலம் மேலோட்டமா செத்த செல்களோட பிடியைத் தளர்த்தும், டிசிஏங்கிற ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம் தோல்ல இருக்கற புரதத்தை உறையவைக்கும், தோல் வெள்ளை பூக்கறதைப் பார்த்துத்தான் ஆழத்தை கணிப்பாங்க. ஆழமான பீலுக்குப் போடுற ஃபீனால் ரத்தத்துல கலந்து இதயத் துடிப்பையே தடுமாற வைக்கக்கூடியது, இசிஜி மானிட்டர் இல்லாத இடத்துல முகம் முழுக்கப் போட்டுக்கவே கூடாது. மைக்ரோநீடிலிங்ல வெறும் ஊசித்துளைதான், சூடு கிடையாது.

சூடு இல்லைங்கிறது நம்ம மாதிரி மாநிறம், கருப்பு நிறம் உள்ளவங்களுக்கு முக்கியம். காயம், அதுவும் சூடு பட்ட இடத்துல நிறமி செல்கள் மிரண்டுபோய் மெலனினைக் கொட்டும், திட்டுத்திட்டா கருத்துடும், மறைய மாசக்கணக்காகும். அதனால லேசர் வைக்கும்போது டாக்டர் பவரைக் குறைச்சு, தூண்களை இன்னும் தள்ளித்தள்ளி வைக்கணும், நீங்களும் சிகிச்சைக்கு முன்னாடியும் பின்னாடியும் சன்ஸ்க்ரீனை விடக்கூடாது.

உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமா? டாக்டர் கேக்காட்டியும் நீங்களே சொல்லிடுங்க. அந்த ஹெர்பிஸ் வைரஸ் நரம்புக்குள்ள தூங்கிட்டிருக்கும், லேசர் பட்டா முழிச்சு, மூட ஆரம்பிக்காத தோல்ல முகம் முழுக்கப் பரவி வடுவே ஆயிடலாம், முன்கூட்டியே வைரஸ் மாத்திரை ஆரம்பிச்சா பெரும்பாலும் தடுத்துடலாம்.