பன்னிரண்டு வோல்ட் தோட்ட விளக்கு: ஷாக் அடிக்காது, ஆனால் ஒயர் சுடும்

செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். கை ஈரம், கால் வெறுங்கால், நிற்பது நனைந்த மண். பக்கத்திலேயே ஒரு விளக்கு எரிகிறது. அதன் ஒயர் எங்கோ உரிந்திருந்தால் என்ன ஆகும் என்பது, அதில் ஓடுவது 230 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதைப் பொறுத்தது.

நனைந்த உடம்பின் மின்தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் பட்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அதைவிடக் குறைவான மின்னோட்டமே போதும். அதே உடம்பில் 12 வோல்ட் பட்டால் 12 மில்லி ஆம்பியர்தான். குறைந்த மின்னழுத்தத்தில் தோல் இன்னும் அதிகமாகத் தடுக்கும் என்பதால், பெரும்பாலும் அவ்வளவுகூடப் பாயாது.

ஆனால் வோல்ட் குறைந்தால் மட்டும் போதாது. வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் நியூட்ரல், மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் ஃபேஸை மட்டும் தொட்டாலும் நம் உடம்பு வழியாக மண்ணுக்குச் சுற்று முழுமையாகி ஷாக் அடிக்கிறது. 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கித் தருவது டிரான்ஸ்ஃபார்மர். நல்ல தோட்ட டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு தனித்தனிக் கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றல் காந்தப் புலமாகத் தாவுகிறது. இரண்டையும் சேர்க்கும் ஒயர் எதுவும் கிடையாது. 12 வோல்ட் பக்கத்துக்கும் மண்ணுக்கும் எந்த உறவும் இல்லை. இந்தப் பிரிவைக் காப்பாற்றத்தான் அந்தப் பக்கத்தை எர்த் செய்யக் கூடாது என்கிறார்கள்.

ஒரே சுருளின் நடுவிலிருந்து 12 வோல்ட்டை எடுக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரும் உண்டு. மீட்டர் வைத்துப் பார்த்தால் அதிலும் 12 வோல்ட்தான் காட்டும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பகுதியில் சுருள் அறுந்துவிட்டால், முழு 230 வோல்ட்டும் தோட்டத்துக்கு வந்துவிடலாம். தோட்டத்துக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. வாங்கும்போது ஐஇசி 61558-2-6 என்ற தர எண் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிக்கப்பட்ட சுருள்கள் கொண்ட பாதுகாப்பு டிரான்ஸ்ஃபார்மருக்கான தரம் அது.

சரி, ஷாக் பயம் போயிற்று. அந்த நிம்மதியில்தான் பலர் அடுத்த தவற்றைச் செய்கிறார்கள். 60 வாட் விளக்குகளுக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். ஏறக்குறைய 19 மடங்கு. ஒயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், அதே ஒயரில் 360 மடங்குக்கும் மேல் வெப்பம்.

20 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்தால், போகவர 40 மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.47 ஓம். 5 ஆம்பியர் ஓடும்போது 2.3 வோல்ட் ஒயரிலேயே செலவாகி, கடைசி விளக்குக்கு 9.7 வோல்ட்தான் போய்ச் சேரும். ஹாலஜன் பல்பு என்றால் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாக இறங்கிவிடும். தடித்த ஒயர் போடலாம், ஒயரின் நடுப்பகுதிக்கு மின்சாரம் கொடுத்து இரண்டு பக்கமும் பிரிக்கலாம், அல்லது 24 வோல்ட் விளக்குகளுக்கு மாறலாம். 24 வோல்ட்டில் அதே 60 வாட்டுக்கு இரண்டரை ஆம்பியர் போதும். இழப்பு 5 சதவீத அளவுக்கு வந்துவிடும். எல்இடி வந்தபிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கிறது. மொத்தம் 18 வாட் என்றால் ஒன்றரை ஆம்பியர், அவ்வளவுதான்.

எனக்கு உண்மையில் கவலை தருவது ஜாயிண்ட்தான். இரண்டு ஒயரை முறுக்கி, டேப் சுற்றி, மண்ணில் புதைத்துவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். விளக்கு மங்கியதும் தோண்டிப் பார்த்தால், செம்பு பச்சையாகப் பூத்து, டேப் கருகியிருந்தது. ஈரம் இறங்கி ஜாயிண்டில் அரை ஓம் தடை உண்டானால், 5 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் மட்டும் பன்னிரண்டரை வாட் வெப்பம்.

இதை வீட்டின் பாதுகாப்புக் கருவிகளால் கண்டுபிடிக்க முடியாது. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்றுதான் பார்க்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் நடக்கும் கோளாறில் இந்தச் சமம் குலைவதில்லை. வீட்டின் பிரேக்கரும் அப்படித்தான்: 12 வோல்ட் பக்கத்தில் 20 ஆம்பியர் ஓடி ஒயர் உருகினாலும், 230 வோல்ட் பக்கத்தில் அது வெறும் 1 ஆம்பியர். பிரேக்கர் ஏன் டிரிப் ஆகப் போகிறது?

ஆகவே 12 வோல்ட் பக்கத்தில், ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் அது இருக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து எடுப்பவர்கள் அதன் முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். ஷார்ட் சர்க்யூட் ஆனால் பெரிய பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். தளர்ந்த ஜாயிண்டின் சூட்டை ஃபியூஸாலும் தடுக்க முடியாது, ஏனென்றால் அங்கே மின்னோட்டம் கூடுவதில்லை. ஈரம் புகாதபடி ஜெல் நிரம்பிய கனெக்டர்தான் அதற்கு வழி.

டிரான்ஸ்ஃபார்மருக்குள் 230 வோல்ட் வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். கூரைக்குக் கீழே, தரையைவிட உயரமாக, காற்றோட்டமாக வையுங்கள். அதற்கு வரும் இணைப்பில் ஆர்சிசிபி கட்டாயம்; அந்த வேலை எலக்ட்ரீஷியனுடையது. விளக்கு தூசியையும் நீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்வது ஐபி எண்: ஐபி 44 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐபி 65 குழாய்ப் பீச்சலைத் தாங்கும், சிறிது நேரம் நீரில் மூழ்கக்கூடிய இடத்துக்கு ஐபி 67 வேண்டும்.

எல்லாம் மாட்டியபின் ஒரு மணி நேரம் எரியவிட்டு, கடைசி விளக்கில் மீட்டர் வையுங்கள். 11 வோல்ட்டுக்கும் கீழே காட்டினால் ஒயரையோ ஜாயிண்டையோ பார்க்க வேண்டும். அப்புறம் 12 வோல்ட் பக்க ஜாயிண்டுகளைப் புதைப்பதற்கு முன்பு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ, அதைப் பிரித்து மறுபடி போடுங்கள்.