தலைவலி தராத மது வந்தால் மும்பையில் அதற்கும் பர்மிட் வேண்டுமா?

எதிர்காலக் கதைகளில் ஒரு பொன்னுலகம் வரும். அங்கே பசி இல்லை, வாடகை இல்லை, லோக்கல் ரயில் நெரிசல் இல்லை, ஆனால் குடி மட்டும் இருக்கும். குடித்தால் மப்பு ஏறும், ஒரு மாத்திரை போட்டால் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும், காலையில் தலைவலி கிடையாது, ஈரல் கெடாது, யாரும் அடிமையாகவும் மாட்டார்கள். அந்தப் பானம் ஒரு நாள் நாவா ஷேவா துறைமுகத்தில் வந்து இறங்கி, செம்பூர் கடைத்தெருவில் விற்பனைக்கு வைத்தால் நம்மூர்ச் சட்டம் அதை என்ன செய்யும்? விளையாட்டுக் கேள்விதான். ஆனால் பதில் தேடப் போனால், இன்றைக்கு மும்பையில் குடிக்கிறவருக்கு என்ன விதி, போதையில் மாட்டிக்கொண்டவருக்கு என்ன உரிமை என்பதெல்லாம் கூடவே வந்துவிடும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இங்கேயே பிறந்து வளர்ந்த நம்ம ஆட்கள் பலருக்கே இது தெரியாது: மகாராஷ்டிரத்தில் மதுவை நிர்வகிக்கிற சட்டத்தின் பெயரே மதுவிலக்குச் சட்டம்தான். 1949-ல் வந்த பம்பாய் மதுவிலக்குச் சட்டம், இப்போது மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம் என்று பெயர் மாறியிருக்கிறது. அதன் அடிப்படை என்னவென்றால், குடிப்பது தடை, பர்மிட் இருந்தால் விலக்கு. பார் வாசல்களில் ‘பர்மிட் ரூம்’ என்று போர்டு தொங்குகிறதே, அது அலங்காரத்துக்கு வைத்த பெயர் இல்லை, பர்மிட் வைத்திருப்பவர் உட்கார்ந்து குடிக்கிற அறை என்றுதான் அர்த்தம்.

சரி, பர்மிட் எப்படி வாங்குவது? மாநிலக் கலால் துறையின் இணையதளத்தில் ஒரு போட்டோ, அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுத்து விண்ணப்பிக்கலாம். ஒரு வருஷத்துக்கு 100 ரூபாய், ஆயுளுக்கும் 1000 ரூபாய். கட்டுவதற்கு முன் தளத்தில் தொகையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இது எதுவும் இல்லாமல் போகிறவருக்கு ஒருநாள் பர்மிட் உண்டு: வெளிநாட்டு வகை மதுவுக்கு 5 ரூபாய், நாட்டு மதுவுக்கு 2 ரூபாய். ஒயின்ஷாப்பில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் கேட்டால், ரசீது புத்தகம் மாதிரி ஒன்றிலிருந்து கிழித்துக் கொடுப்பார். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அவரும் கொடுப்பதில்லை. ஆனால் வழியில் சோதனையில் நிறுத்தி, பையில் பாட்டில் இருந்து, பர்மிட் எங்கே என்று கேட்டால் அந்தச் சின்னத் தாளுக்குத்தான் மதிப்பு. வயதும் கவனியுங்கள்: பீருக்கு 21, விஸ்கி, ரம், பிராந்திக்கு 25. ஊரில் 21 என்று பழகிவிட்டு இங்கே வேலைக்கு வருகிற தம்பிகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இப்படி ஒரு வினோத ஏற்பாடு எப்படி வந்தது என்று கேட்டால், அதுவும் ஒரு பொன்னுலகக் கனவின் மிச்சம்தான். போதை தரும் பானங்களையும் பொருள்களையும் மருந்துக்குத் தவிர வேறெதற்கும் இல்லாமல் ஒழிக்க அரசு முயல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 47-வது பிரிவே சொல்கிறது. மொரார்ஜி தேசாய் பம்பாய் மாகாண உள்துறை அமைச்சராக இருந்தபோது இதைக் கையில் எடுத்து முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பால்சரா என்பவர் வழக்குப் போட, 1951-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றது, ஆல்கஹால் கலந்த மருந்து, வாசனைப் பொருள்களை மட்டும் தடையிலிருந்து விலக்கியது. அப்புறம் என்ன ஆனது என்று மாட்டுங்கா, தாராவி, ஆண்டாப்ஹில் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் நன்றாகவே சொல்வார்கள். கடை மூடியது, கள்ளச்சாராயம் காய்ச்சுவது பெருகியது, அதை வைத்தே நம்ம ஊரிலிருந்து வந்த வரதராஜ முதலியார் என்ற வரதா பாய் பெரிய தாதாவாக வளர்ந்தார். 1960-ல் மாநிலம் பிரிந்தபோது குஜராத் முழு விலக்கோடு தொடர்ந்தது, மகாராஷ்டிரம் பர்மிட் கொடுத்துத் தளர்த்தியது. ஆனால் தளர்த்திய பிறகும் மலிவுச் சரக்குக்குப் போகிறவர் போய்க்கொண்டுதான் இருக்கிறார். 2015 ஜூனில் மலாட் மால்வணியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 100 பேருக்கும் மேல் இறந்தார்கள்.

இனி நம்ம எதிர்காலப் பானத்துக்கு வருவோம். இது முழுக்கக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். நாம் குடிக்கிற மதுவில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனாலை ஈரல் முதலில் அசெட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அது நச்சு, மறுநாள் படுகிற அவஸ்தைக்கும் புற்றுநோய் அபாயத்துக்கும் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. மூளையின் பரபரப்பைத் தணிக்கிற காபா என்ற அமைப்பை எத்தனால் தட்டிவிடுவதால்தான் உடம்பு தளர்ந்து பேச்சு வருகிறது. அப்படியானால் எத்தனாலே இல்லாமல், காபாவை மட்டும் அளவாகத் தட்டுகிற ஒரு மூலக்கூறு செய்தால் என்ன என்று பிரிட்டனில் டேவிட் நட் என்ற பேராசிரியர் பல வருஷமாக வேலை செய்கிறார். சட்டம் தடுத்திருக்கிற சில போதைப்பொருள்களை விட மது அதிகக் கேடு என்று வெளிப்படையாகச் சொன்னதற்காக, 2009-ல் அந்நாட்டு அரசின் போதைப்பொருள் ஆலோசனைக் குழுத் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர் இவர்தான்.

அந்த மூலக்கூறு பாட்டிலில் வந்தால் முதல் கேள்வி, இது மதுவா? உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் மதுபானம். இதில் சுத்தமாக இல்லை. அதற்காக எலுமிச்சை சர்பத் மாதிரி அலமாரியில் வைத்துவிட முடியாது, இதுவரை இங்கே சாப்பிட்டுப் பழக்கமில்லாத புதுப் பொருள் என்றால் 2017 விதிகளின்படி ஆணையத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டும். சரி, அதையும் வாங்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மதுவிலக்குச் சட்டத்தில் மது என்றால் என்ன என்று சொல்கிற இடத்தில் ஸ்பிரிட், ஒயின், பீர், கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் மாநில அரசு அரசிதழில் அறிவிக்கிற வேறு எந்தப் போதைப் பொருளும் மதுவே என்று ஒரு வரி இருக்கிறது. யாரோ வரப்போகிறார்கள் என்று 1949-லேயே போட்டு வைத்த காலி நாற்காலி அது. ஒரு அறிவிப்பு வந்தால் போதும், ஆல்கஹாலே இல்லாத அந்தப் பானத்துக்கும் பர்மிட் வேண்டும், 25 வயது காட்ட வேண்டும், மதுக்கடை மூடியிருக்கும் அக்டோபர் 2-ம் தேதி ட்ரை டேயில் அதுவும் கிடைக்காது.

அறிவிப்பு வரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, காரணம் ஆரோக்கியம் இல்லை, வருமானம். குடிக்கிற மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கிறது, கலால், வாட் எல்லாம் மாநிலத்தின் பெட்டிக்கே போகிறது. புதுப் பானம் வெறும் குளிர்பானமாக நின்றால் அது ஜி.எஸ்.டி.க்குள் போய்விடும். எந்த மாநில அரசு அதைச் சும்மா விடும்? 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தொழிற்சாலைக்குப் போகிற ஆல்கஹாலும் மாநில அதிகாரத்துக்குள்தான் என்று 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. இந்த விஷயத்தில் மாநிலங்களின் கை இப்போது இன்னும் ஓங்கியிருக்கிறது.

பானமாக இல்லாமல் பொடியாகவோ மாத்திரையாகவோ வந்தால் கதை வேறு. அப்போது மத்திய அரசின் 1985-ம் வருஷத்து என்.டி.பி.எஸ். சட்டம், அதாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அது பட்டியல் போட்டு வேலை செய்கிற சட்டம். பட்டியலில் பெயர் இருந்தால் குற்றம், இல்லாவிட்டால் போலீஸ் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். மும்பைக்கு இது நன்றாகத் தெரியும். மெஃபெட்ரோன், தெருவில் எம்.டி. என்பார்கள், மியாவ் மியாவ் என்றும் சொல்வார்கள், இந்த நகரத்தில் பரவலாக ஓடியபோது பட்டியலில் இல்லை. 2015 பிப்ரவரியில்தான் சேர்த்தார்கள். சேர்ப்பதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், மத்திய அரசின் ஒரு அறிவிப்பு போதும். அதற்குள் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் போயிருப்பார்கள் என்பது வேறு கணக்கு. ஹோலிக்குக் கிடைக்கிற, கஞ்சா செடியின் இலையை அரைத்துச் செய்யும் பாங்கு இந்தச் சட்டத்தில் சொல்கிற கஞ்சாவுக்குள் வராது, ஏனென்றால் அது பூ அல்ல, இலை. ஆனால் அதைக் கேட்டுவிட்டுத் துணிய வேண்டாம், மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டத்தில் லைசென்ஸ் இல்லாத பாங்கு குற்றம்தான்.

மூன்றாவது வழியும் உண்டு, ஒரேயடியாகத் தடை. இ-சிகரெட் சிகரெட்டை விடக் கேடு குறைவா கூடுதலா என்று உலகம் வாதாடிக்கொண்டிருந்தபோது இங்கே 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம் என்று கதையை முடித்தார்கள். தயாரித்தல், இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாம் குற்றம். கேடு குறைந்தது என்பது நம்ம சட்டத்தில் தானாகச் சலுகை வாங்கித் தராது என்பதற்கு இதை விட வேறு உதாரணம் வேண்டாம்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊதச் சொல்லும் கருவி ஆல்கஹாலை மட்டும்தான் காட்டும், எத்தனால் இல்லாத பானம் குடித்தால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185-ல் இரண்டு பகுதி. ஒன்று, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால். இன்னொன்று, வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு ஏதாவது போதை மருந்தின் பிடியில் இருப்பது. எதிர்காலப் பானம் இரண்டாவதில் மாட்டும். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பொன்னுலகத்தில் அடிமையாகிறவரே இல்லை என்பார்கள். இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்காக ஒரு உரிமை சட்டத்திலேயே இருக்கிறது, கேட்பவர்தான் குறைவு. என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையானவர் மேல் உட்கொண்ட குற்றமோ, சிறு அளவு வைத்திருந்த குற்றமோ சுமத்தப்பட்டிருந்தால், அவர் தானாக முன்வந்து, அரசோ உள்ளாட்சியோ நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அவர் மேல் அந்த வழக்கை நடத்தக் கூடாது. விற்றவருக்கு இது கிடையாது. மதுவுக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது, ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்றே எடுத்துக்கொள்கிறது, அதனால் அரசுச் சிகிச்சை கேட்கிற உரிமை குடிநோயாளிக்கும் உண்டு. இன்ஷூரன்ஸ் விஷயத்தில் மட்டும் பாலிசியைப் படித்துவிட்டு நம்புங்கள், பலவற்றில் குடி, போதைச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கும்.

வீட்டில் யாருக்காவது தேவை என்றால் 14446-க்கு அடிக்கலாம், போதை மீட்புக்கான கட்டணமில்லா தேசிய எண். நேரில் போக, மாநகராட்சி நடத்துகிற கே.இ.எம்., நாயர், சயான் ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் காலையிலேயே கேஸ் பேப்பர் என்கிற நோயாளிச் சீட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். வழக்கு இருந்தால் வக்கீலிடம் 64ஏ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், சேர்ந்த தேதி, மருத்துவர் கையெழுத்து, டிஸ்சார்ஜ் தாள் ஒன்றையும் தொலைக்க வேண்டாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது.