அலைக்கற்றையா, அலைமாலையா?

“செயற்கைக்கோள் தன் ஒவ்வொரு கற்றையிலும் அதே அலைக்கற்றையை மறுபடி பயன்படுத்துகிறது.” மொரீஷியஸின் ரோஸ் ஹில் நகரில் எங்கள் தமிழ் வகுப்பில் இதைப் படித்த மாணவி, “கற்றைக்குள் கற்றை எப்படி இருக்கும், ஐயா?” என்றாள். பிரெஞ்சு மூலத்தில் முன்னது ‘ஃபெசோ’, பின்னது ‘ஸ்பெக்த்ர்’, அதாவது ஆங்கிலத்தின் ‘ஸ்பெக்ட்ரம்’. அங்கே குழப்பமே இல்லை.

இலத்தீனில் ‘ஸ்பெக்ட்ரம்’ என்றால் தோற்றம். முப்பட்டகத்தில் பிரிந்த நிறங்களின் வரிசையை நியூட்டன் அப்படி அழைத்தார். நமக்கு அது நிறமாலை. வானொலி அலைகளுக்கு வந்தபோது மட்டும் மாலை ஏன் கற்றையாயிற்று என்பது எனக்கு விளங்கவில்லை. அலைமாலை என்றே சொல்லலாமே.

கற்றை என்பது ஒன்றுசேர்ந்த திரள்: வைக்கோற்கற்றை, கூந்தற்கற்றை. ‘ஃபெசோ’வும் கட்டு என்றே பொருள்படும். ஆகவே செயற்கைக்கோளின் அன்டெனா பூமியின் ஒரு பகுதியை நோக்கிக் குவித்து அனுப்பும் அலைகளைக் கற்றை என்பது முற்றிலும் பொருந்தும். ஸ்பெக்ட்ரமோ கட்டப்பட்டதன்று, அதிர்வெண் ஏற ஏற நீளும் வரிசை. ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி ஒழுங்குவிதிகளில் 5ஆம் பிரிவைப் புரட்டினால், 8.3 கிலோஹெர்ட்ஸிலிருந்து 275 கிகாஹெர்ட்ஸ் வரை அந்த வரிசை பட்டை பட்டையாகப் பிரிக்கப்பட்டு, எந்தப் பட்டை எந்தச் சேவைக்கு என்று மூன்று உலக வட்டாரங்களுக்கும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். மொரீஷியஸ் 1ஆம் வட்டாரத்தில் வருகிறது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு செயற்கைக்கோள் ஒரே பட்டையை இரு நாடுகளுக்கு அனுப்பலாம், கற்றைகள் போதிய அளவு விலகியிருந்தால். பட்டை ஒன்று, கற்றை வேறு என்பதே இங்கு முழுச் சூட்சுமம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் விதியையே படிக்க முடியாது.

2ஜி விவகாரத்தால் 2010 முதல் ‘அலைக்கற்றை’ வீட்டுக்கு வீடு தெரிந்த சொல், இனி மாற்றலாகாது என்பார்கள். ஏல நடப்பைச் சொல்லும் செய்தியில் அது உறுத்தாமல் போகலாம். விண்வெளித் தொடர்பில் உறுத்தும். தலைப்புச் செய்தியில் கண்ட சொல்லைத் துறை நூலைப் பாராமல் எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்களே அலைவரிசையையும் அதிர்வெண், பட்டை, சேனல் மூன்றுக்கும் கலந்து வழங்குகிறார்கள். ‘அலைமாலை’யில் கவிதை வாடை அடிக்கிறது என்பதும் ஒரு குறை, நிறமாலையில் அடிக்காத வாடையா? மாலை என்பதற்கு வரிசை என்றும் பொருளுண்டே.

மாணவியின் தாளில் பென்சிலால் இப்படித் திருத்தினேன்: “செயற்கைக்கோள் தன் ஒவ்வொரு கற்றையிலும் அலைமாலையின் அதே பட்டையை மறுபடி பயன்படுத்துகிறது.” இரண்டாம் கேள்வி வரவில்லை.