எது முக்கியமோ அதற்கே உச்ச பிரியாரிட்டி என்று யார் சொன்னது?

“ரெண்டு மூணு நாளைக்கு ஒருமுறை அப்படியே நின்னுடுது சார், பவர் சப்ளை கோளாறு போல” என்ற குறிப்போடு இந்த மாதமும் ஒரு பம்ப் கன்ட்ரோலர் போர்டு என் மேசைக்கு வந்தது. பவர் சப்ளைக்கு ஒன்றுமில்லை. யுஆர்ட் (சீரியல் போர்ட்) இன்டரப்டுக்குள், அதாவது நடக்கும் வேலையை நிறுத்திவிட்டுச் சிப் உடனே ஓட்டும் துண்டு நிரலுக்குள், பிழை வந்தால் மட்டும் ஓடும் இடத்தில், சீரியல் போர்ட்டில் ஒரு வரியை எழுதும் பிரிண்ட்எஃப், அதற்குக் கீழே சில மில்லிசெகண்ட் காத்திருக்கச் சொல்லும் ஒரு ஹால் டிலே. அந்தக் காத்திருப்புக்காக மில்லிசெகண்டை எண்ணும் சிஸ்டிக் டைமரும் ஓர் இன்டரப்ட்தான். அதைவிட உயர்ந்த பிரியாரிட்டியில் உட்கார்ந்துகொண்டு அது எண்ணட்டும் என்று காத்திருந்தால், யுகமே முடிந்தாலும் எண்ணிக்கை நகராது.

பிரிண்ட்எஃப் மட்டும் இருந்திருந்தாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். 115200 பாடில் (விநாடிக்கு அத்தனை பிட் வேகத்தில்) ஓர் எழுத்து வெளியேற சுமார் 87 மைக்ரோசெகண்ட் ஆகும். 40 எழுத்துள்ள வரி என்றால் மூன்றரை மில்லிசெகண்ட். அத்தனை நேரம் இன்டரப்டுக்குள் நின்றால் மற்ற இன்டரப்டுகள், டாஸ்க்குகள் கதி என்ன?

சரி, அது சின்னத் தவறு. என் பொறுமையைச் சோதித்தது டாஸ்க் பட்டியல், அதாவது சிப் மாறி மாறி ஓட்டும் வேலைகளின் பட்டியல். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதைக் கண்டுபிடிக்கும் டாஸ்க்குக்கு உச்ச பிரியாரிட்டி. காரணம் கேட்டேன். “அதுதானே சார் ரொம்ப முக்கியம், மோட்டார் எரிஞ்சுடுமே!”

தம்பி, அடுத்து எந்த டாஸ்க் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலருக்கு உங்கள் மோட்டாரின் விலை தெரியாது. பிரியாரிட்டி என்பது கெடு எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்தது. வறண்ட ஓட்டத்தைக் கண்டுபிடிக்க உங்கள் வடிவமைப்பே 2 விநாடி அவகாசம் தருகிறது. ஆனால் அந்த டாஸ்க் ஒவ்வொரு முறையும் 30 மில்லிசெகண்ட் கணக்குப் போடுகிறது. மோட்டார் கரன்ட்டை அளக்கும் டாஸ்க் மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓடியாக வேண்டும். அது கீழே கிடப்பதால், ஒவ்வொரு முறையும் முப்பது தடவை அளவு தவறுகிறது. இரண்டையும் தலைகீழாக மாற்றினால் ‘முக்கியமான’ டாஸ்க் சற்றுத் தாமதமாக முடியும், ஆனால் 2 விநாடிக்குள் நிச்சயம் முடியும். பிரியாரிட்டி மாறாமல் வைத்திருந்தால், ஒன்றையொன்று சாராத, சீரான இடைவெளியில் ஓடும் டாஸ்க்குகளில் குறைந்த இடைவெளி உள்ளதற்கே அதிக பிரியாரிட்டி தர வேண்டும் என்பதை லியூ, லேலண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1973-லேயே நிரூபித்துவிட்டார்கள். நாம் இன்னும் பாசத்தை வைத்துப் பிரியாரிட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

உச்ச பிரியாரிட்டி கொடுத்தால் மட்டும் வேலை நடந்துவிடுமா? 1997-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டரில், வானிலைத் தரவு சேகரிக்கும் கீழ்நிலை டாஸ்க் ஒரு மியூட்டெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒரே டாஸ்க் பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்திருந்தது. தரவு பஸ்ஸை நிர்வகிக்கும் மேல்நிலை டாஸ்க் அதற்காகக் காத்து நின்றது. இடையில் புகுந்த நடுநிலை வேலை, கீழ்நிலை டாஸ்க்கை ஓடவிடவே இல்லை. கெடு தவறியதும் கணினி ரீசெட் ஆனது, அதுவும் பலமுறை. மியூட்டெக்ஸில் பிரியாரிட்டி இன்ஹெரிட்டன்ஸை, அதாவது பூட்டைப் பிடித்திருக்கும் டாஸ்க்குக்குக் காத்திருப்பவரின் பிரியாரிட்டியைத் தற்காலிகமாகத் தரும் வசதியை, இயக்கிவிட்டதும் சரியானது. நம்மவர்கள் பயன்படுத்தும் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறு இயங்குதளத்தின் மியூட்டெக்ஸில் இந்த வசதி தானாகவே உண்டு, டாஸ்க்குகளுக்குச் சைகை காட்டும் பைனரி செமஃபோரில் கிடையாது. பகிர்ந்துகொள்ளும் பொருளைக் காக்க பைனரி செமஃபோரைப் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.

அப்புறம் எண் குழப்பம். கார்டெக்ஸ்-எம் வகைச் சிப்களில் இன்டரப்டுக்குச் சிறிய எண்தான் பெரிய பிரியாரிட்டி. ஃப்ரீஆர்டிஓஎஸ் டாஸ்க்குக்குப் பெரிய எண்தான் பெரிது. எந்த இன்டரப்டும் எந்த டாஸ்க்கையும் மறித்து நுழையும் என்பது வேறு. ரீசெட்டுக்குப் பின் எல்லா இன்டரப்டும் 0-இல், அதாவது உச்சத்தில் இருக்கும். அதை மாற்றாமல் அந்த இன்டரப்டிலிருந்து கியூவுக்கு (டாஸ்க்குகளுக்குத் தரவு கடத்தும் வரிசை) அனுப்பினால், இன்டரப்டுக்கென்றே உள்ள ‘ஃப்ரம் ஐஎஸ்ஆர்’ வடிவத்தையே அழைத்தாலும் கர்னலின், அதாவது ஃப்ரீஆர்டிஓஎஸ் மையப்பகுதியின், உள்விவரங்கள் சிதையலாம். காரணம், கார்டெக்ஸ் எம்3, எம்4 சிப்களில் கர்னல் தனக்கென வைத்த பிரியாரிட்டி எல்லைக்கு மேலே உள்ள இன்டரப்டுகளைத் தடுப்பதே இல்லை. இத்தகைய தவறுகளைச் சோதிக்கும் கான்ஃபிக் அசர்ட்டை இயக்கி வையுங்கள். முதல் நாளே கத்திவிடும்.

இன்டரப்டில் கொடியைத் தூக்குங்கள், பைட்டை எடுத்து வையுங்கள், டாஸ்க்கை எழுப்புங்கள், வெளியே வாருங்கள். எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டுமா? நுழையும்போது ஒரு பின்னை ஹை ஆக்கி, வெளியேறும்போது லோ ஆக்கி ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். தயவுசெய்து அதையும் பிரிண்ட்எஃப் போட்டு அளக்காதீர்கள்.